சிவப்பு வட்டம்

சித்தி ஆயிஷாவின் முகத்தை அறியாதவர்கள்கூட அவள் குரலை அறிவார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் கூட்டத்தில் பாதிப்பேர், ஒரு கால் செருப்பிலும் மறு கால் சுடுகிற தரையிலுமாக நின்றபடியே கைப்பேசியைக் காதுக்குக் கொண்டுபோவார்கள். அக்கா இன்றைக்கு யாரைக் கிழித்திருக்கிறாள் என்று தெரியாமல் அவர்களுக்கு மதியச் சோறு இறங்காது.

அக்கா கிழித்திருப்பாள். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் அவள் கணவர் முகம்மது சுல்தான் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறார். அந்தக் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கும் வற்றல் மிளகாய்ச் சாக்குகளுக்கும் நடுவே கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பேசியை வாய்க்கருகே பிடித்து அவள் பேசுவாள். எழுதி வைத்துப் பேசுவதில்லை. வாரம் முழுவதும் வயிற்றில் கிடந்து புளித்தது தானாகவே வரும்.

ரமலான் மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியை ஊற்ற வந்த கட்சிக்காரர்களைப் பற்றி ஒருமுறை பேசினாள். கரண்டி கஞ்சியில் இருந்தது, கண் கேமராவில் இருந்தது, கஞ்சி கிழவரின் கையில் கொட்டியது என்று அவள் சொன்ன விதத்தில் ஊரே சிரித்தது. தேர்தலுக்கு ஒரு கட்சி, தேர்தல் முடிந்ததும் வேறு கட்சி என்று தாவும் தவளைகளைப் பற்றிப் பேசினாள். பெண்களுக்கென்று ஒதுக்கிய போட்டியில் பெண்களே ஓடட்டும், அதற்கும் ஒரு வழக்காடல் வேண்டுமா என்று கேட்டாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு அருவருப்பூட்டிய விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டு விளையாட்டுச் சங்கங்கள் பெண்களின் உடுப்புக்குப் போடும் விதிகள்தான் அது.

"ஆம்பள விளையாட்டுக்காரனுக்கு முழங்கால் வரைக்கும் துணி இருக்கு. பொம்பளைக்கு வரும்போது மட்டும் உலகத்துல துணிப் பஞ்சம் வந்துருது" என்பாள். அந்த ஒரு வாக்கியம் ஈப்போ வரைக்கும் போயிற்று.

அந்தக் கோபம் நேற்று முளைத்தது அல்ல. அவளுக்குப் பதினேழு வயதிருக்கும்போது மாநில ஹாக்கி அணிக்குத் தேர்வானாள். இடது ஓரத்தில் அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. முதல் போட்டியன்று உடைமாற்றும் அறையில் பயிற்றுநர் ஒரு வெள்ளைக் குட்டைப் பாவாடையை அவள் மடியில் போட்டுவிட்டு, இதை மாட்டு, இல்லையென்றால் வீட்டுக்குப் போ என்றார். கால்சட்டை போட்டு ஆடுகிறேன், தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். மற்றப் பெண்கள் சுவரைப் பார்த்தார்கள். கதவுக்கு வெளியே நின்ற ஆண்கள் உள்ளே என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள். பாவாடையை மடித்து பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீடு வரைக்கும் அழுதாள். அந்த அழுகைதான் இத்தனை வருடம் கழித்து வெள்ளிக்கிழமைதோறும் குரலாக வந்துகொண்டிருந்தது.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. காலையில் கடையில் குழம்புக் கொப்பரைகளை மேற்பார்வையிடுகிறாள். மாலையில் சுங்கை பினாங்கு அடுக்குமாடிகளுக்குப் பக்கத்துத் திடலில் இளம்பெண்களுக்கு ஹாக்கி சொல்லிக் கொடுக்கிறாள். அவள் அணியில் முஸ்லிம் பெண்கள் முழுக்கைச் சட்டையும் நீள்கால்சட்டையும் தலையில் தூடோங் துணியும் போட்டுத்தான் ஆடுவார்கள். மற்றப் பெண்கள் பாவாடையில் ஆடுவார்கள். உடுப்பு விஷயத்தில் அவளிடம் இருந்தது ஒரே விதி. "நீ போட்டிருக்கிறது உன் அம்மா கண்ணுக்குச் சரியா இருக்கணும். மத்தவன் கண்ணு கணக்குல இல்ல." இந்த விதியை அவள் மலாய்ப் பெண்ணிடமும் சீனப் பெண்ணிடமும் தமிழ்ப் பெண்ணிடமும் ஒரே குரலில்தான் சொன்னாள்.

அந்த அணியின் உயிர் துளசி. வயது பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அப்பா நல்லமுத்து, பாலத்துக்கு அப்பால் பத்து காவான் என்னும் ஊரில் உள்ள தொழிற்சாலை ஒன்றுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டுகிறார். அம்மா ருக்குமணி அதே தொழிற்சாலையில் வேலை. தீபாவளிக்கு அழைத்தால் ஆயிஷா சாப்பிடத் தயங்கக்கூடாது என்று, சுல்தான் கடையிலேயே பிரியாணி சொல்லிவைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பரிமாறுகிறவள் ருக்குமணி. துளசி இடது ஓரத்தில் ஓடும்போது ஆயிஷா கண்ணை எடுக்கமாட்டாள். தனக்கு அன்று நின்றுபோன ஓட்டம் இந்தப் பெண்ணின் கால்களில் தொடர்கிறது என்று நினைப்பாள். சனிக்கிழமை நடக்கவிருந்த ஆட்டத்தைப் பார்க்க மாநிலத் தேர்வாளர்கள் வருவதாக இருந்தது. துளசிக்கு இடம் உறுதி என்று எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம் திங்கட்கிழமை துளசி பயிற்சிக்கு வரவில்லை. அவளுடைய ஆட்டச் சட்டை மட்டும் வந்தது. துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் பையில். கொண்டுவந்தவள் கோல் காக்கும் அஃப்ரீன்.

"காய்ச்சலா?"

அஃப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல கோச். அவ இனிமே வரமாட்டாளாம்."

"ஏன்?"

"நீங்க அந்த வீடியோவப் பாக்கலையா?"

"எந்த வீடியோ?"

"உங்க வீடியோதான் கோச்."

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஆயிஷா பேசுவதை ஊருக்கு அனுப்புகிறவன் அப்துல் காதர். ஒரு நலச் சங்கத்தின் செயலாளர். 'நேர்வழிக் குரல்' என்ற வாட்ஸ்அப் புலனக் குழுவின் நிர்வாகி. நாற்பது வயதுக்குள் ஒரு கட்சியின் தொகுதிச் சீட்டைக் கனவு கண்டுகொண்டிருந்தவன். வெறும் குரலை யாரும் திறந்து கேட்கமாட்டார்கள், மேலே ஒரு படம் ஓடவேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தான். விளையாட்டுக்காரிகளின் உடுப்பைப் பற்றிப் பேசினால் அந்த உடுப்பின் படம்தானே வரும்? அந்தக் கண்றாவியை என்னிடம் காட்டாதே, நீயே பார்த்துப் போட்டுக்கொள் என்று ஆயிஷா சொல்லிவிட்டாள். தன் குரல் கேட்கும்போது திரையில் என்ன ஓடுகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்காமல் இருப்பதை ஒரு பேணுதலாகவே நினைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அஃப்ரீன் கைப்பேசியை நீட்டினாள். ஆயிஷா பார்த்தாள்.

பெனால்டி கார்னருக்காகக் குனிந்து நிற்கிறாள் ஒரு பெண். முகத்தின் மேல் ஒரு மஞ்சள் பூவை ஒட்டியிருந்தார்கள். சட்டையில் பதினொன்று என்ற எண் தெரிந்தது. அணியின் பெயர் தெரிந்தது. கால்களைச் சுற்றி ஒரு தடித்த சிவப்பு வட்டம். படம் மெல்ல மெல்ல அந்த வட்டத்தை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அதன் மேல் ஆயிஷாவின் குரல், ஒரு வெளிநாட்டுச் சங்கத்தை நோக்கி அவள் போன வாரம் வீசிய கேள்வி: "இப்படி உடம்பக் காட்டித்தான் ஜெயிக்கணுமா? அப்படி ஒரு ஜெயிப்பு எதுக்கு?"

திடலின் ஓரத்தில் இருந்த குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள், வாயில் இருந்த கசப்பு போகவில்லை. திரும்பி வந்து, பழையவற்றையும் காட்டு என்றாள். அஃப்ரீன் தயங்கினாள். காட்டு என்றாள் மறுபடியும்.

நீச்சல்காரி. கடற்கரைப் பந்தாட்டக்காரி. குட்டிக்கரணம் போடும் சிறுபெண். ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம். சிலவற்றில் அம்புக்குறி. முகம் எதிலும் இல்லை. மாதக்கணக்காகத் தான் மானத்தைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் இந்த வியாபாரம்தான் நடந்துகொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்தபோது, தன் குரலே யாரோ எச்சில்பட்ட கையால் தொட்டுவிட்ட பொருளாகத் தோன்றியது. ஊர் ஆண்கள் செருப்பைத் தேடிக்கொண்டே கைப்பேசியை எடுத்த அவசரம் எதற்கு? காதுக்கா, கண்ணுக்கா?

மறுநாள் மதியம் அப்துல் காதர் வழக்கம்போல் கடைக்குச் சாப்பிட வந்தான். சுல்தான் தட்டில் சோற்றைப் போட்டு, மீன் சினையை வைத்து, அவனுக்குப் பிடித்த மாதிரி நாலு குழம்பையும் கலந்து ஊற்றிக் கொடுத்தார். ஆயிஷா எதிரே வந்து உட்கார்ந்தாள். அந்தப் படத்தை ஏன் போட்டாய் என்று கேட்டாள்.

அவன் கூச்சப்படவே இல்லை. அதுதான் அவளை முதலில் அடித்தது. உள்ளூர்ப் படம் போட்டால்தான் உள்ளூரில் ஓடுகிறது, போன வாரம் போனதுபோல் எதுவும் போனதில்லை, நாற்பது குழுக்களுக்குத் தாவிவிட்டது என்று கணக்குச் சொன்னான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எல்லாப் பெண்களுக்கும் நீள்கால்சட்டை கொண்டுவரப்போவதாகவும், படம் பிடிக்க ஆள் வருவதாகவும், அக்கா தன் கையாலேயே கொடுக்கவேண்டும் என்றும் சொன்னான்.

"அந்தப் புள்ளையோட அனுமதி கேட்டியா?"

"முகத்த மறச்சிருக்கேன்லா, அக்கா."

"முகத்த மறச்சுட்டு மத்தத வட்டம் போட்டுக் காட்டியிருக்க. உனக்கு மறைக்கத் தெரிஞ்சது அதுதானா?"

"எச்சரிக்கை பண்றோம்கா. தப்பு இங்க இருக்குன்னு காட்டுனாத்தானே ஜனத்துக்குப் புரியும்?" சோற்றைப் பிசைந்தபடி அவன் குரலைத் தணித்தான். "நீங்க ஏன் இவ்வளவு தூரம் எடுத்துக்கிறீங்க? அவ என்ன, நம்ம புள்ளையா?"

ஆயிஷா பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், குழம்புக் கொப்பரைக்குப் பின்னால் நின்றிருந்த சுல்தான் நடந்து வந்தார். அதிகம் பேசாத மனிதர். மனைவியின் வெள்ளிக்கிழமைப் பேச்சைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, மிளகாய்ச் சாக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காரம் ஏறிவிட்டது என்று மட்டும் எப்போதாவது சொல்லுவார். அப்துல் காதரின் விரல்களுக்குக் கீழேயிருந்து தட்டை எடுத்துக்கொண்டார்.

"சோறு முடிஞ்சிருச்சு, தம்பி."

அப்துல் காதர் திகைத்துப்போய் ஆவி பறக்கும் சோற்றுப் பானையைப் பார்த்தான். சுற்றிலும் இருந்தவர்களும் பார்த்தார்கள். அந்தக் கடையில் பசி என்று வந்தவனை யாரும் எழுப்பியதில்லை. சுல்தான் பானையின் மேல் மூடியைப் போட்டார்.

மாலையில் ஆயிஷா தனியாகச் சுங்கை பினாங்குக்குப் போனாள். துளசியின் வீடு அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருந்தது. நடைபாதையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. உள்ளறையில் யாரோ மட்டையால் பந்தை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டொக், டொக், டொக். ஆயிஷா கதவருகே நின்று, "ருக்கு" என்று கூப்பிட்டாள். பந்தின் சத்தம் சட்டென்று நின்றது.

தன் குரலைக் கேட்டுத்தான் அது நின்றது என்று அவளுக்குத் தெரிந்தது. பயிற்சித் திடலில் இதே குரலைக் கேட்டால் ஓடிவருகிற பெண்.

ருக்குமணி கதவைத் திறந்தாள். உட்காரச் சொன்னாள். காப்பி கலந்து கொண்டுவந்தாள், ஆனால் எப்போதும்போல் கையில் கொடுக்கவில்லை. மேசையின் மேல் வைத்துவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். நல்லமுத்து வேலைச் சட்டையோடு நாற்காலியில் இருந்தார். நடந்ததை அவர் மெதுவாகத்தான் சொன்னார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போகும்போது பின்னிருக்கையில் இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னமோ சொன்னார்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழகிய குரலாக இருக்கிறதே, நம் கோச் அக்கா குரல் போல் இருக்கிறதே என்று அவருக்குச் சந்தோஷம். எனக்கும் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். தொழிற்சாலை வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஒருவன் காட்டினான். அவர் யாருடைய அப்பா என்று அவனுக்குத் தெரியாது.

"சட்டை நம்பரப் பாத்தேன். அவ அம்மா வாங்கிக் கொடுத்த காலுறையப் பாத்தேன்." நல்லமுத்து நிமிர்ந்தார். "படம் எடுத்தவன் எவனோ. வட்டம் போட்டவன் எவனோ. அவன்களத் தேடிப் போய் நான் என்னத்தப் பேச? ஆனா குரல் உங்களுது, அக்கா. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்ல ஆயிஷா நினைத்தாள். அந்தச் சொல்லை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்தாள். பார்க்காமல் இருந்ததுதானே குற்றம் என்று நெஞ்சு திருப்பிக் கேட்டது. மூடிக் கிடந்த உள்ளறைக் கதவைப் பார்த்தபடி, மன்னிச்சிருங்க என்று மட்டும் சொன்னாள். அது நல்லமுத்துவுக்கா துளசிக்கா என்று அவளுக்கே தெரியவில்லை. சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது, அந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை, அவள் ஓட்டத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்றாள். காப்பி ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆயிஷா பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. கடையில் இருக்கிறவர்கள் கேட்கட்டும் என்று திறந்தே வைத்துவிட்டுப் பேசினாள்.

"இன்னிக்குப் படம் இல்ல. போன வாரம் என் குரலுக்கு மேல ஒரு பொண்ணோட படத்தப் போட்டு அனுப்புனாங்க. வட்டம் போட்டது நம்ம செயலாளர் அப்துல் காதர். அந்தப் பொண்ணு என் புள்ள. நான் இதுவரைக்கும் சொன்னதுல ஒரு வார்த்தையும் மாறல. பொம்பளைங்கள மானத்தோட ஆட விடுங்கன்னு இன்னிக்கும் சொல்றேன். ஆனா பாக்காதேன்னு ஊருக்குச் சொல்லிட்டு, வட்டம் போட்டு உத்துப் பாக்கிறவன் என் பக்கத்து ஆளு இல்ல. நம்ம மார்க்கத்துல பார்வையத் தாழ்த்தச் சொன்னது முதல்ல ஆம்பளைங்களத்தான். அந்தப் படம் உங்க கையில இருந்தா இப்பவே அழிச்சிருங்க. அழிக்க மனசு வரலேன்னா, ஏன் வரலேன்னு உங்களையே கேட்டுக்குங்க."

முதன்முறையாகத் தானே அதைக் குழுவில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அது மறைந்தது. அதற்கடுத்து அவளும் மறைந்தாள். 'நேர்வழிக் குரல்' அவளை நீக்கிவிட்டது. ஜும்ஆ முடிந்து கடைக்கு வந்த கூட்டம் அன்று சத்தமில்லாமல் சாப்பிட்டது. ஒருவர் மட்டும் கை கழுவும்போது, அக்காவுக்கும் கட்சி மாறும் காலம் வந்துவிட்டதுபோல என்று பொதுவாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். ஆயிஷா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தக் கை அழித்திருக்கும், எந்தக் கை இன்னும் வைத்திருக்கும் என்று தெரியவில்லை. அதே கைகள்தான் குழம்பில் தோய்ந்திருந்தன. அன்று அவளால் அந்தக் கடையில் ஒரு கவளம் சாப்பிட முடியவில்லை.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. ஆட்டத்துக்குக் கொஞ்சம் முன்பு, தொழிற்சாலைப் பேருந்து ஒன்று திடலோரம் வந்து நின்றது. நல்லமுத்து காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். ருக்குமணி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் துளசி.

ஆயிஷாவின் உயிர் துள்ளியது. அடுத்த கணம் அடங்கியது.

துளசி கணுக்கால் வரைக்கும் கறுப்புக் கால்சட்டை போட்டிருந்தாள். கழுத்து வரைக்கும் மூடிய முழுக்கைச் சட்டை. அதற்கு மேல் அப்பாவின் பழைய குளிர்ச்சட்டை. அந்த வெயிலில் அவள் நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் வழிந்துகொண்டிருந்தது. தோள்களை உள்ளே ஒடுக்கிக்கொண்டு, வேலியோரம் நின்ற ஆண்களைப் பார்க்காமல், அவர்கள் எல்லாருடைய கண்களையும் முதுகில் சுமந்தவள்போல் நடந்து வந்தாள்.

வேலிக்கு வெளியே அப்துல் காதர் நீள்கால்சட்டைப் பெட்டிகளோடும் படம் பிடிக்கிற ஆளோடும் நின்றான். குழுவை விட்டுத் தூக்கியதெல்லாம் நடக்காதது போல் அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அக்கா? நீங்க கோபப்பட்டீங்க. உங்க குரல் வேல செஞ்சிருச்சு. ஒரே வாரத்துல புள்ள திருந்திருச்சு." படம் பிடிக்கிறவனைப் பார்த்து, அதை எடு என்று கை காட்டினான்.

ஆயிஷா வாழ்நாள் முழுவதும் கேட்டது இதைத்தான். பெண்பிள்ளைகள் மூடிக்கொண்டு ஆடவேண்டும், அதை யாரும் கேலி செய்யக்கூடாது. இதோ, கண்ணெதிரே ஒருத்தி மூடிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பார்க்க இவ்வளவு அருவருப்பாக இருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அன்று மடியில் வந்து விழுந்த வெள்ளைப் பாவாடையும் இன்று இந்தப் பெண்ணின் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்புத் துணியும் ஒரே கடையில் வாங்கியதுபோல் இருந்தன. அன்றைக்கும் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தவர்கள் ஆண்கள்தான்.

"நீயா விரும்பிப் போட்டியா?" துளசியிடம் மெல்லக் கேட்டாள்.

துளசி தலையசைத்து மறுத்தாள். "எங்க போனாலும் என் காலத்தான் பாக்கிறாங்களோன்னு இருக்கு, கோச். ஆடாம இருக்கவும் முடியல."

அதைக் கழற்று என்று சொல்ல ஆயிஷாவுக்கு நா எழவில்லை. ஒரு பெண்ணிடம் துணியைக் குறை என்று அவள் வாழ்நாளில் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டாள். இப்படியே ஆடு என்றும் சொல்ல முடியவில்லை. பிறகு பந்துகள் போடும் பெரிய கூடையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பந்துகள் புல்லில் உருண்டோடின. வெறும் கூடையைத் தூக்கிக்கொண்டு திடலின் வாசலுக்குப் போய் நின்றாள்.

உள்ளே வந்து பார்க்கிறவர்கள் கைப்பேசியை இந்தக் கூடையில் போட்டுவிட்டு வரவேண்டும் என்றாள். முதலில் ருக்குமணி போட்டாள். அஃப்ரீனின் அப்பா போட்டார். தாய்மார்கள் ஒவ்வொருவராகப் போட்டார்கள். தேர்வாளர்களாக வந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் போட்டார்கள்.

அப்துல் காதர் போடவில்லை. இது பொதுத் திடல், தடுக்க நீங்கள் யார் என்றான். நான் இந்தப் பிள்ளைகளின் கோச் என்றாள். வேலிக்கு வெளியே நின்றே பார்க்கிறோம் என்று அவன் தன் ஆட்களோடு கம்பிவேலியில் சாய்ந்துகொண்டான். படம் பிடிக்கிறவன் கம்பி இடைவெளியில் கேமராவை வைத்தான்.

ஆயிஷா பேருந்தருகே போனாள். "தம்பி, வண்டியக் கொஞ்சம் நகத்திப் போடுவீங்களா?" கை நீட்டி இடத்தைக் காட்டினாள்.

நல்லமுத்து அந்தக் கையையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். அந்த வாரத்தில் முதன்முறையாக அவருக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். அந்த நீளப் பேருந்து உறுமிக்கொண்டு, வேலியை ஒட்டி, அங்குலம் அங்குலமாக முன்னே வந்தது. சாய்ந்திருந்தவர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். வேலிக்கும் அவர்களுக்கும் நடுவே பேருந்து சுவராக நின்றது.

"அண்ணே, இங்க பார்க்கிங் இல்லலா" என்று அப்துல் காதர் கத்தினான்.

நல்லமுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "உங்களுக்கென்ன அண்ணே, சுத்தி ஒரு வட்டம் போட்டு அனுப்பிவிடுங்க." இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

ஆயிஷா திரும்பி வந்து துளசியின் தோளில் கைவைத்தாள். "உடுத்துறது உன் இஷ்டம். இப்படியே ஆடுறதுன்னாலும் சரி, மாத்திக்கிறதுன்னாலும் சரி. இங்க எவன் கண்ணும் உன்மேல படாது. அதுக்கு நான் பொறுப்பு."

துளசி பையை எடுத்துக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனாள். ஆயிஷா கதவுக்கு வெளியே, கதவுக்கு முதுகு காட்டி, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு காவல் நின்றாள். அன்று பதினேழு வயதில் தன் கதவுக்கு வெளியே இப்படி ஒரு பொம்பளை நின்றிருந்தால் என்று நினைத்தபோது கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. கைகளைப் பிரிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்தது. துளசி தன் பழைய பாவாடையில், அரைக்கைச் சட்டையில், பதினொன்று என்ற எண்ணோடு வந்து நின்றாள். நிமிர்ந்து நின்றாள்.

"கோச், சரியா இருக்கா?"

இன்னும் ஒரு சாண் நீளம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் ஆயிஷாவுக்குத் தோன்றியது. அவள் கொள்கை அவளோடு இருந்தது. ஆனால் அதைச் சொல்லவேண்டிய இடமும் நாளும் இதுவல்ல. "என்கிட்ட ஏன் கேக்கிற? உங்க அம்மாகிட்டக் கேளு."

ருக்குமணி வந்து பாவாடையின் மடிப்பை ஒருமுறை இழுத்துச் சரிசெய்தாள். போ என்றாள். பிறகு ஆயிஷாவின் பக்கம் திரும்பி, தண்ணீர்ப் போத்தலை அவள் கையிலேயே கொடுத்தாள்.

விசில் ஒலித்தது. துளசி பேருந்தின் நிழல் விழுந்த இடது ஓரத்தில் ஓடினாள். முதலில் கால் தயங்கிற்று. பந்து மட்டையில் பட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. அவளைப் பிடிக்க ஆள் இல்லை.

ஆயிஷா பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்துக்கு அந்தப் பக்கம் அந்த ஆட்கள் இன்னும் நின்றிருக்கக்கூடும். நாற்பது குழுக்களில் அந்தச் சிவப்பு வட்டம் இன்னும் உருண்டுகொண்டிருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு பெண்ணின் மேல் வேறொரு வட்டம் விழும். அதன் மேல் பேச வேறொரு குரல் கிடைக்கும். நினைக்க நினைக்க வாயில் அந்தக் கசப்பு ஊறியது. அது இனிப் போகாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தேர்வாளர்களில் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். "அந்தப் பதினொன்னாம் நம்பர் யாரு?"

ஆயிஷா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பேருந்துக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று, ஊர் முழுக்க அறிந்த அந்தக் குரலில் சொன்னாள்.

"துளசி. நல்லமுத்து மகள் துளசி."